வசதியானவன் ஏன் திருடுகிறான்?

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்து கொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

திருடன் என்று சொன்னவுடன் உங்கள் மனக்கண்ணில் யார் வருகிறார்? அழுக்குச் சட்டை, சீவாத தலை, ஒட்டிய வயிறு. இப்படி ஒருவர் கடைக்குள் நுழைந்தால் கல்லாவில் இருப்பவர் எழுந்து நின்று விடுகிறார். பையனைக் கூப்பிட்டு 'கவனிச்சுக்கோ' என்று கண் ஜாடை காட்டுகிறார். அதே கடைக்கு இஸ்திரி போட்ட சட்டையும் வாசனைத் திரவியமுமாக ஒருவர் காரில் வந்து இறங்கினால், 'வாங்க பாய், உட்காருங்க, டீ சொல்லட்டுமா?' ஐந்து லட்ச ரூபாய் சரக்கை, ஒரு செக்கை மட்டும் வாங்கிக் கொண்டு ஏற்றி அனுப்புகிறோம்.

உங்கள் வியாபார வாழ்க்கையில் இதுவரை வந்த பெரிய நஷ்டங்களைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அழுக்குச் சட்டைக்காரரால் வந்தது எவ்வளவு? இஸ்திரிச் சட்டைக்காரரால் வந்தது எவ்வளவு? பதில் உங்களுக்கே தெரியும்.

வறுமை தான் குற்றத்துக்குக் காரணம் என்று உலகமே நம்பிக் கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. 1939ஆம் ஆண்டு எட்வின் சதர்லாண்ட் என்ற அமெரிக்க சமூகவியல் பேராசிரியர் இதை மறுத்தார். படித்தவர்களும் பதவியில் இருப்பவர்களும் செய்யும் மோசடிகளை நீங்கள் கணக்கிலேயே சேர்ப்பதில்லை, அதனால் தான் ஏழை மட்டும் குற்றவாளியாகத் தெரிகிறான் என்றார். 'வெள்ளைக் காலர் குற்றம்' என்ற பெயரை வைத்தவர் அவர் தான். பத்து ஆண்டுகள் கழித்து அவர் இதைப் புத்தகமாக எழுதிய போது என்ன நடந்தது தெரியுமா? அதில் இருந்த கம்பெனிகளின் பெயர்களை எல்லாம் நீக்கி விட்டுத்தான் 1949ல் அதை வெளியிட்டார்கள். பெயர்களோடு அந்தப் புத்தகம் வந்தது 1983ல். அவர் இறந்து முப்பது ஆண்டுகளுக்கும் மேலான பிறகு! சட்டை வெள்ளையாக இருந்தால் பெயர் சொல்லக் கூட உலகம் அஞ்சுகிறது. நமது மஹல்லாக்களும் இதில் விதிவிலக்கு இல்லை. அதைப் பின்னர் சொல்கிறேன்.

சொல்ல முடியாத கஷ்டம்

சதர்லாண்டின் மாணவர் டொனால்ட் கிரெஸ்ஸி. அவர் சிறைச்சாலைகளுக்குப் போனார். பிறர் நம்பி ஒப்படைத்த பணத்தைக் கையாடல் செய்து சிறைக்கு வந்தவர்களை உட்கார வைத்துப் பேசினார். குமாஸ்தாக்கள், கணக்கர்கள், மேலாளர்கள். 1953ல் தனது முடிவுகளை வெளியிட்டார். அவர் கண்டுபிடித்த முதல் விஷயம், அவர்களில் ஒவ்வொருவருக்கும் வெளியே சொல்ல முடியாத ஒரு பணக்கஷ்டம் இருந்தது. பணக்கஷ்டம் எல்லோருக்கும் வரும். அதை மனைவியிடமோ அண்ணனிடமோ சொல்லி விட்டால் ஏதாவது வழி பிறக்கும். சொன்னால் மரியாதை போய் விடும் என்று நினைக்கும் போது தான் கை அடுத்தவர் பணத்தின் பக்கம் நீள்கிறது.

இரண்டாவது, வாய்ப்பு. கல்லாச் சாவியோ கணக்குப் புத்தகமோ அவர்கள் கையில் இருந்தது.

மூன்றாவது தான் மிக முக்கியமானது. எடுப்பதற்கு முன்பே மனதுக்குள் ஒரு நியாயத்தைத் தயார் செய்து வைத்திருந்தார்கள். 'திருடவில்லை, கைமாற்றாக எடுக்கிறேன், அடுத்த மாதம் வைத்து விடுவேன்.' பலரும் சொன்ன நியாயம் இது தான்.

நமது ஊர்க் கதையாக இதைப் பாருங்கள். ஒருவர் மாதம் முப்பத்தைந்தாயிரம் சம்பளம் வாங்குகிறார் என்று வைத்துக் கொள்வோம். தன்னிறைவான வாழ்க்கை தான். மச்சான் கார் வாங்கினார், இவரும் தவணையில் வாங்கினார். மகளைப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். தங்கை கல்யாணத்துக்கு ஆயிரத்து இருநூறு பேருக்கு பிரியாணி போட்டார். செல்போன் தவணை, ஃபிரிட்ஜ் தவணை, தவணையைக் கட்ட எடுத்த கடனுக்கு ஒரு தவணை. வருமானம் முப்பத்தைந்து, கட்ட வேண்டியது நாற்பத்தி இரண்டு. இந்த ஏழாயிரம் எங்கிருந்து வரும்? காரை விற்று விட்டேன் என்று சொல்ல அவருக்கு வாய் வராது. மச்சான் என்ன நினைப்பார்? சம்பந்தி வீட்டில் என்ன பேசுவார்கள்? முதலாளியின் கல்லாவில் ஏழாயிரம் எடுப்பது அவருக்கு அதை விட எளிதாகத் தெரிகிறது.

கவனியுங்கள். அவர் பசிக்காகத் திருடவில்லை. பிள்ளையின் மருந்துக்காகவும் திருடவில்லை. மச்சானின் பார்வைக்காகத் திருடுகிறார்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில் ஒரு ஜனாஸா கொண்டு வரப்பட்ட செய்தி நீங்கள் கேள்விப்பட்டது தான். அவருக்குக் கடன் உண்டா என்று கேட்டார்கள். உண்டு என்றதும், தாம் தொழுவிக்காமல் தோழர்களைத் தொழச் சொன்னார்கள். அபூ கதாதா (ரலி) அவர்கள் அந்தக் கடனைத் தாம் ஏற்றுக் கொள்வதாகச் சொன்ன பிறகு தான் தொழுகை நடத்தினார்கள். திருடியவருக்கோ ஏமாற்றியவருக்கோ நடந்தது அல்ல இது. வெறும் கடன்பட்டு, கொடுக்க முடியாமல் இறந்தவருக்கு நடந்தது. இன்று கடன் வாங்குவது நமக்குக் கவுரவக் குறைவாகத் தெரியவில்லை. கடன் இல்லாமல் எளிமையாக வாழ்வது தான் கவுரவக் குறைவாகத் தெரிகிறது.

ஏஜெண்டாகி விட்ட எதிர் வீட்டுக்காரர்

திருப்பூரில் பாசி என்ற நிறுவனம் அந்நியச் செலாவணி வியாபாரம் செய்வதாகச் சொல்லி மக்களிடம் பணம் வசூலித்தது. 2009ல் அம்பலத்துக்கு வந்தது. ஏறத்தாழ 930 கோடி ரூபாய். கோவை நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் தான் தீர்ப்பளித்தது, 27 ஆண்டு சிறை. அந்தத் தீர்ப்பு வந்த அதே 2022ல் சென்னையில் ஆருத்ரா கோல்டு நிறுவனம் மீது பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிவு செய்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் 2,438 கோடி ரூபாய் வசூலித்ததாகப் புகார். ஒரு லட்சம் போட்டால் மாதம் இருபத்தைந்தாயிரம், முப்பதாயிரம் தருவதாக வாக்குறுதி!

நீங்கள் வியாபாரிகள். உங்களுக்குக் கணக்கு சொல்லித் தர வேண்டியதில்லை. மாதம் நூற்றுக்கு முப்பது லாபம் தரும் வியாபாரம் இந்த பூமியில் எது? நூறு பேர் ஆளுக்கு ஒரு லட்சம் போட்டால் ஒரு கோடி. மாதம் முப்பது லட்சம் திருப்பிக் கொடுத்தால் நான்காவது மாதம் பெட்டி காலி. ஆகவே நான்கு மாதத்துக்குள் புதிதாக நூறு பேர் வேண்டும். பிறகு இருநூறு பேர், பிறகு ஆயிரம் பேர். அந்தப் புதிய ஆளைப் பிடித்துக் கொண்டு வருவது யார்? அங்கே தான் நமது நடுத்தர வர்க்கத்துச் சகோதரர் வருகிறார்.

மோசடி நிறுவனத்தின் முதலாளியை உங்களில் யாரும் நேரில் பார்த்திருக்க மாட்டீர்கள். உங்கள் வீட்டுக் கதவைத் தட்டியது ஓய்வு பெற்ற ஆசிரியர், இன்சூரன்ஸ் ஏஜெண்ட், மனைவியின் ஒன்று விட்ட தம்பி. அவர் பொய் சொல்லவில்லை, 'நான் போட்டேன், மூன்று மாதமாக வருகிறது' என்கிறார். வரத்தான் செய்கிறது, உங்களுக்குப் பின்னால் வந்தவர் பணத்திலிருந்து! அவருக்குக் கமிஷன். கமிஷனில் புதிய பைக், பிறகு கார், வீட்டுக்கு மாடி. இவ்வளவும் எப்படி வருகிறது என்ற கேள்வி ஒரு நாளாவது அவர் மனதில் எழுந்திருக்காதா? எழுந்திருக்கும். மாடி கட்டி முடியட்டும் என்று தள்ளி வைத்திருப்பார்.

நிறுவனம் மூடிய பிறகு, 'நானும் ஏமாந்தவன் தானே' என்று நம்மோடு சேர்ந்து அழுகிறார். இது பாதி உண்மை. போட்ட பணத்தில் ஏமாந்தவர், வாங்கிய கமிஷனில் ஏமாற்றியவர். சட்டமும் இப்போது அப்படித்தான் பார்க்கிறது. ஒழுங்குபடுத்தப்படாத முதலீட்டுத் திட்டங்களைத் தடை செய்யும் 2019ஆம் ஆண்டு சட்டத்தின்படி, பணத்தை வாங்கியவருக்கு மட்டுமல்ல, வாருங்கள் போடுங்கள் என்று ஆள் சேர்த்தவருக்கும் ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை சிறை உண்டு, அபராதமும் உண்டு. தமிழ்நாட்டில் 1997லேயே முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வந்து விட்டது. சட்டம் இல்லாத குறை அல்ல.

நமக்கு இன்னும் வலிக்கும் செய்தி ஒன்று உண்டு. பெங்களூரில் ஐ.எம்.ஏ. என்ற நிறுவனம். வட்டி இல்லை, லாபத்தில் பங்கு, முழுக்க ஹலால் என்று சொல்லியே வளர்ந்தது. பணம் போட்டவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். வட்டிக்குப் பயந்து வங்கியில் போடாமல் வைத்திருந்த பணம், மகளின் கல்யாணத்துக்குச் சேர்த்த பணம், வளைகுடாவில் வெயிலில் நின்று சம்பாதித்த பணம். 2019 ஜூனில் அதன் முதலாளி துபாய்க்குப் பறந்து விட்டார். அடுத்த மாதம் திரும்பி வந்த போது டெல்லியில் கைது செய்யப்பட்டார். நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் புகார் கொடுத்தார்கள். தொகை சுமார் நான்காயிரம் கோடி என்றார்கள். மார்க்கம் படித்த சிலரும் இதற்குப் பரிந்துரை செய்தார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. ஆலிம்களே இதற்குப் பதில் சொல்ல வேண்டும். மதரஸாவில் ஓதியவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தைப் படிக்கத் தெரியாத நாம் அது ஹலாலா இல்லையா என்று ஃபத்வா கொடுப்பதற்கு நமக்கு என்ன தகுதி இருக்கிறது? வட்டி என்ற பெயரை எடுத்து விட்டு 'லாபம்' என்று எழுதினால் மோசடி ஹலாலாகி விடுமா? மாதா மாதம் குறையாமல் வரும் லாபம் எந்த வியாபாரத்தில் இருக்கிறது? ரமலானில் ஒரு மாதிரி, ஆடி மாதத்தில் ஒரு மாதிரி என்று உங்கள் கடை வியாபாரமே ஏறி இறங்குகிறதே!

வாடகைக்கு விட்ட வங்கிக் கணக்கு

இளைஞர்களே, இது உங்களுக்கு. கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

'உன் பெயரில் ஒரு பேங்க் அக்கவுண்ட் ஆரம்பித்து, ஏ.டி.எம். கார்டையும் சிம் கார்டையும் கொடு. பத்தாயிரம் தருகிறேன். நீ எதுவும் செய்ய வேண்டாம்.' கல்லூரி வாசலிலும் டீக்கடையிலும் இப்படிச் சொல்லிக் கொண்டு ஆட்கள் அலைகிறார்கள். பையனுக்கு விலை உயர்ந்த செல்போன் வேண்டும். நண்பர்களோடு கொடைக்கானல் போக வேண்டும். வாப்பாவிடம் கேட்டால் கிடைக்காது. கொடுத்து விடுகிறான். 'என் பணமா போகிறது? வெறும் அக்கவுண்ட் தானே!'

அந்தக் கணக்கில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். எங்கோ ஓர் ஊரில் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவருக்கு போலீஸ் வேடம் போட்டவன் வீடியோவில் வருகிறான். உங்கள் பெயரில் போதைப் பொருள் பார்சல் வந்திருக்கிறது, உங்களை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம் என்று மிரட்டுகிறான். அப்படி ஒரு கைது நமது நாட்டுச் சட்டத்திலேயே கிடையாது. பயந்து போன அந்தப் பெரியவர் வாழ்நாள் சேமிப்பை அனுப்புகிறார். அது வந்து விழும் முதல் கணக்கு, நமது பையனுடையது! அங்கிருந்து சில நிமிடங்களில் பத்து இருபது கணக்குகளுக்குப் பிரிந்து போய், கடைசியில் நாட்டை விட்டே போய் விடுகிறது. 2024ஆம் ஆண்டில் மட்டும் நமது நாட்டு மக்கள் இப்படிப்பட்ட இணைய மோசடிகளில் இழந்தது 22,845 கோடி ரூபாய் என்று மத்திய அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது.

அந்தப் பெரியவர் 1930 என்ற எண்ணுக்குப் புகார் கொடுத்தவுடன் போலீஸ் யாரைத் தேடும்? மிரட்டியவன் வேறு நாட்டில் இருக்கிறான். அவன் முகமும் தெரியாது, பெயரும் தெரியாது. பணம் விழுந்த கணக்கில் ஒரு பெயர் இருக்கிறது, ஆதார் இருக்கிறது, வீட்டு முகவரி இருக்கிறது. வேறு மாநிலத்துப் போலீஸ் வந்து கதவைத் தட்டுகிறது. வாப்பா வெலவெலத்துப் போகிறார். முன்பு 420 என்று சொல்லிப் பழகிய மோசடிக் குற்றம், 2024 ஜூலை 1 முதல் நியாய சன்ஹிதா சட்டத்தில் 318வது பிரிவாக இருக்கிறது. ஏழாண்டு வரை சிறை. பத்தாயிரம் ரூபாய்க்கு ஒரு செல்போன். அதையும் சாட்சியப் பொருளாகப் போலீஸ் எடுத்துக் கொண்டு போய் விடும்.

'எனக்குத் தெரியாது' என்கிறார்கள் பிடிபட்ட பையன்கள். சும்மா இருக்கும் ஒரு கணக்குக்கு ஒருவன் பத்தாயிரம் தருகிறான் என்றால் எதற்காகத் தருகிறான் என்று கேட்கத் தெரியாதா? கேட்டால் பதில் வந்து விடும் என்பதால் கேட்கவில்லை. கிரெஸ்ஸி சிறையில் கேட்ட அதே நியாயம் தான், உடை மட்டும் வேறு.

கடைக்காரர்களும் இதைக் கேளுங்கள். முன்பின் தெரியாத ஒருவர் வந்து, 'பாய், அவசரம், உங்க நம்பருக்கு ஐந்தாயிரம் அனுப்பறேன், கேஷா கொடுங்க, நூறு ரூபாய் நீங்க வச்சுக்குங்க' என்பார். நூறு ரூபாய்க்கு ஆசைப்பட்டு ரொக்கம் கொடுக்காதீர்கள். அவர் அனுப்பியது திருட்டுப் பணமாக இருந்தால் உங்கள் கடைக் கணக்கு முடக்கப்படும். சரக்கு அனுப்பியவருக்குக் கொடுக்க வழியில்லாமல், வேறு மாநிலத்துக் காவல் நிலையத்தோடு நீங்கள் மல்லுக்கட்ட வேண்டி வரும். பொருள் விற்று வாங்கிய பணம் என்றால் காட்டுவதற்குப் பில் இருக்கும். ஆகவே பில் போடுங்கள்.

மஞ்சள் நோட்டீஸ்

இனி வியாபாரிகளுக்கு மட்டும். கசப்பாக இருக்கும். பொறுத்துக் கொள்ளுங்கள்.

நமது கடைத்தெருவில் 'மஞ்சள் நோட்டீஸ் கொடுத்து விட்டான்' என்ற பேச்சைக் கேட்காதவர் இல்லை. 1920ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் காலத்தில் வந்த மாகாண திவால் சட்டம். சென்னை போன்ற நகரங்களுக்கு 1909லேயே தனிச் சட்டம் வந்து விட்டது. வியாபாரத்தில் நொடித்துப் போனவர், என்னால் கடனைக் கட்ட முடியவில்லை என்று நீதிமன்றத்தில் சொல்லி, இருக்கும் சொத்தை ஒப்படைத்து விட்டு மீண்டும் தலை நிமிர ஒரு வழி. நல்ல நோக்கம் தான். உண்மையாக நொடித்தவருக்கு அவகாசம் கொடுக்கும்படி குர்ஆனும் சொல்கிறது, தள்ளுபடி செய்வதை இன்னும் உயர்வாகச் சொல்கிறது.

ஆனால் நடப்பது என்ன? ஒருவர் கடை திறக்கிறார். முதல் ஆறு மாதம் ஈரோட்டிலிருந்தும் சூரத்திலிருந்தும் ரொக்கத்துக்குக் கொள்முதல். நாணயமானவர் என்று பெயர் வாங்குகிறார். அடுத்த ஆறு மாதம் பாதி ரொக்கம், பாதி பாக்கி. கடைக்குக் கண்ணாடி போட்டு ஏ.சி. வைக்கிறார். பெருநாள் சீசனுக்கு முன்னால் எல்லா இடத்திலும் பெரிய ஆர்டர், முழுவதும் பாக்கி. சரக்கை வாங்கிய விலைக்கும் குறைவாகத் தள்ளி ரொக்கமாக்குகிறார். பக்கத்துக் கடைக்காரர், இவர் எப்படி இந்த விலைக்குக் கொடுக்கிறார் என்று புரியாமல் தவிக்கிறார். வீட்டை மனைவி பெயருக்கு எழுதுகிறார். பெருநாள் முடிந்த பத்தாம் நாள் கடையில் பூட்டு. பாக்கிக்காரர்கள் கையில் மஞ்சள் நோட்டீஸ். இரண்டு வருடம் கழித்து வேறொரு ஊரில் மகன் பெயரில் புதிய கடை. திறப்பு விழாவுக்கு நம்மையும் அழைப்பார். நாமும் போவோம்!

இவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சட்டம் அவ்வளவு ஏமாளி அல்ல. திவாலாவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் உரிய விலை இல்லாமல் மனைவி மக்களுக்கு எழுதிக் கொடுத்த சொத்தை அந்த 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் 53வது பிரிவின்படி நீதிமன்றம் செல்லாது என்று அறிவிக்கலாம். மற்றவர்களை விட்டு விட்டு மூன்று மாதத்துக்குள் வேண்டியவருக்கு மட்டும் கடனை அடைத்திருந்தால் அதையும் ரத்து செய்யலாம். கணக்கை மறைத்தால், புத்தகத்தை அழித்தால் 69வது பிரிவின்படி ஓராண்டு வரை சிறை உண்டு. பாக்கிக்காரர்கள் நோட்டீஸைப் பார்த்தவுடன் 'போச்சு' என்று மடித்து வைத்து விடுவதால் தான் இவர்கள் தப்பிக்கிறார்கள். குறித்த தேதியில் வக்கீலோடு போய் ஆட்சேபம் சொல்லுங்கள். நான்கைந்து பாக்கிக்காரர்கள் சேர்ந்து போனால் செலவும் குறைவு.

அத்தோடு எழுதி வாங்குங்கள். குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் இரண்டாவது அத்தியாயத்தில் 282வது வசனம். அது எதைப் பற்றியது? கொடுக்கல் வாங்கலை எழுதிக் கொள்வது பற்றியும் சாட்சி வைப்பது பற்றியும் தான். ஆனால் நம்மவர்கள், 'அவர் நம்ம ஆளு, எழுதிக் கேட்டால் தப்பா நினைப்பார்' என்கிறார்கள். மோசடிக்காரருக்கு இதை விடப் பெரிய வசதி வேண்டுமா?

வேறு சில நியாயங்கள்

துபாயிலிருந்தும் கொழும்பிலிருந்தும் உடம்பில் தங்கத்தை மறைத்துக் கொண்டு வரும் குருவிகளைப் பற்றித் தனியாகவே பேச வேண்டும். 'அரசாங்கம் அநியாய வரி போடுகிறது, நான் யார் பணத்தைத் திருடினேன்?' என்பது அவர்களின் நியாயம். 2022ல் நூற்றுக்குப் பதினைந்து வரை போன தங்க வரியை 2024 ஜூலையில் ஆறாகக் குறைத்தார்கள். அதன் பிறகும் குருவிகள் பிடிபட்டுக் கொண்டு தான் இருந்தார்கள். தங்கத்தின் சொந்தக்காரன் குளிரூட்டிய அறையில் இருக்கிறான். மலக்குடலில் வைத்துச் சுமந்தவன் கம்பி எண்ணுகிறான். விசாரணை இல்லாமலே ஓராண்டு அடைத்து வைக்க 1974ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணிப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. ஒரு டிக்கெட்டும் சில ஆயிரங்களும் இதற்கு விலையா?

2019 செப்டம்பரில் நடந்த குரூப் 4 தேர்வு நினைவிருக்கிறதா? எங்கெங்கோ இருந்தவர்கள் ராமேஸ்வரத்தையும் கீழக்கரையையும் தேர்வு மையமாகக் கேட்டு வாங்கி, சிறிது நேரத்தில் அழிந்து விடும் மையால் எழுதினார்கள். விடைத்தாள் சென்னைக்குப் போகும் வழியில் சரியான விடைகள் குறிக்கப்பட்டன. 99 பேருக்கு வாழ்நாள் தடை. லட்சக்கணக்கில் கொடுத்து இதைச் செய்தவர்கள் பரம ஏழைகளாக இருந்திருக்க முடியுமா? அதே ஆண்டு நீட் தேர்வில் மகனுக்கு ஆள் மாற்றி எழுத வைத்த புகாரில் கைதானவர்களில் ஒரு டாக்டரும் இருந்தார். தன் மகன் டாக்டராகவில்லை என்றால் வெளியே தலை காட்ட முடியாதாம்!

மஹல்லாவில் மாற வேண்டியது

முன்பு சொன்ன பேச்சுக்கு வருகிறேன். சட்டை வெள்ளையாக இருந்தால் நாமும் பெயர் சொல்ல அஞ்சுகிறோம் என்றேன். ஏஜெண்டாக இருந்து ஐம்பது குடும்பத்தின் பணத்தைக் கொண்டு போனவர் பள்ளிவாசலுக்கு மார்பிள் போட்டுக் கொடுத்தால் அவர் பெயரைக் கல்வெட்டில் பொறிக்கிறோம். பாக்கிக்காரர்களின் பணத்தில் உம்ரா போய் வந்தவரை மாலை போட்டு வரவேற்கிறோம். ஸகாத் வசூலிக்கப் போன ஒருவர் 'இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது' என்று பிரித்துச் சொன்ன போது, தாய் தந்தையின் வீட்டில் உட்கார்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு வந்திருக்குமா என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கேட்ட செய்தி நமக்குத் தெரியும். அந்தக் கேள்வியை நமது ஜமாஅத் நிர்வாகிகள் யாரிடமாவது கேட்டதுண்டா? கேட்டால் நன்கொடை நின்று விடும் என்ற பயம்.

கல்யாணத்தில் தான் நோய் ஆரம்பிக்கிறது. பணக்காரர் ஒருவர் இரண்டாயிரம் பேருக்கு விருந்து வைக்கிறார். அவரால் முடிகிறது, வைக்கிறார். அடுத்த மாதம் அவர் கடை மேனேஜர் வீட்டுக் கல்யாணம். ஐந்நூறு பேருக்குக் குறைந்தால் சம்பந்தி வீட்டில் முகம் சுளிக்கிறார்கள். அந்த மேனேஜர் கையில் தான் பணக்காரரின் கல்லாச் சாவி இருக்கிறது என்பதை அவர் யோசிக்க வேண்டாமா? தன் கடையில் திருட்டு நடக்காமல் இருக்கக் கேமரா வைக்கிறார். அந்தக் கேமரா விலையை விடக் குறைந்த செலவில் தன் வீட்டுக் கல்யாணத்தை எளிமையாக நடத்திக் காட்டலாம். அப்படிச் செய்தால் ஊரில் நூறு மேனேஜர்கள் நிம்மதியாகப் பெருமூச்சு விடுவார்கள்.

முதலாளிகளுக்கு இன்னொரு வேண்டுகோள். உங்களிடம் வேலை பார்ப்பவர், 'முதலாளி, கடனில் மாட்டிக் கொண்டேன்' என்று வந்து சொல்லக் கூடியவராக நடந்து கொள்ளுங்கள். சொன்னவுடன் 'சம்பளம் பத்தலையா?' என்று எரிந்து விழுந்தால் அடுத்தவர் சொல்ல மாட்டார், எடுப்பார். ஊருக்கு ஊர் வட்டியில்லாக் கடன் நிதி வைத்திருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் அங்கே கடன் கேட்டு வந்தவர் பெயர் மறுநாள் டீக்கடையில் அடிபட்டால் யார் வருவார்கள்? பொறுப்பாளர்களின் நாக்கு அடங்கி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த நிதி இருந்தும் இல்லாதது தான்.

ஏற்கனவே மாட்டிக் கொண்டவர்களுக்கு. கணக்கை வாடகைக்குக் கொடுத்த தம்பி இந்தக் கூட்டத்தில் இருக்கலாம். வீட்டுக்குப் போனதும் வாப்பாவிடம் சொல்லி விடுங்கள். அடித்தாலும் பரவாயில்லை. நாளைக் காலையில் வங்கிக் கிளைக்குப் போய் அந்தக் கணக்கை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்து, பெற்றுக் கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். அந்த சிம் கார்டை முடக்குங்கள். வக்கீல் ஒருவரோடு மாவட்ட சைபர் குற்றப்பிரிவுக்குப் போய், யாரிடம் கொடுத்தீர்கள், எவ்வளவு வாங்கினீர்கள் என்பதை மறைக்காமல் எழுத்து மூலம் கொடுங்கள். போலீஸ் தேடி வருவதற்கு முன் நீங்களே போவதற்கும், வந்த பிறகு 'தெரியாது' என்பதற்கும் வித்தியாசம் உண்டு. வக்கீலுக்குக் கொடுக்க வசதி இல்லை என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, இலவசமாக வக்கீல் கேட்டு அங்கே மனுக் கொடுக்கலாம். தனியாகப் போகத் தயங்கும் தம்பிகள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். இஷாவுக்குப் பிறகு பள்ளியிலேயே இருப்பேன்.